நாய்க்குக் கிடைத்த நியாயம்

பாலைவனத்தின் குறுக்கே நெடுந்தூரச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவர்கள், புறப்படுமுன் தங்கள் மூட்டை முடிச்சுகளுக்கு ஒரு ஜாபிதா எழுதி உலகத்துக்குக் காட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றை நான் சிரத்தையோடு படித்திருக்கிறேன். கல்யாணச் சமையற்காரர் எழுதும் பலசரக்கு ஜாபிதாகூட இத்தனை நுணுக்கமாக இராது. சட்டை இத்தனை கிராம், டியூப் இத்தனை கிராம், ஸ்பானர் இத்தனை கிராம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கிவிட்டு, மிச்சமான கிராம்களைப் பெருமையோடு கணக்கில் சேர்த்துக் கொள்கிறவர்களும் உண்டு. படிக்கப் படிக்க எனக்கு இவர்கள்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. கடைசியில் ஒரு வரி வரும்: இரவுக்கு மூன்று மணி நேரம் தூக்கம்; முடிந்தால் இரண்டு.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. அதை எழுதுகிறவனோடு அவ்வளவாக இல்லை. அதை அவன் எழுதியே தீரவேண்டும் என்று ஆக்கி வைத்திருக்கும் பந்தய விதியோடு.

இது என்ன பந்தயம் என்று அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பாரிலும் ஹாண்டில்பாரிலும் சீட்டுக்குப் பின்னாலும் பைகளை இறுக்கிக் கட்டிக் கொண்டு, எவருடைய உதவியும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டும். பின்னால் கார் வராது. சோறு கொண்டு வந்து கொடுக்க ஆள் கிடையாது. கடையில் காசு கொடுத்து எவரும் வாங்கக்கூடியதைத்தான் இவரும் வாங்கலாம். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக் கொண்டு எதிர்காற்றுக்குத் தப்பக் கூடாது. புறப்பட்ட கணத்தில் ஓடத் தொடங்கிய கடிகாரம் போய்ச் சேரும்வரை நிற்பதில்லை. சாப்பிட்டாலும் ஓடும், பஞ்சர் ஒட்டினாலும் ஓடும், தூங்கினாலும் ஓடும். மொராக்கோவில் 2020ஆம் வருஷம் தொடங்கிய அட்லஸ் மலைப் பந்தயமும் இந்த ஜாதிதான். நான் இங்கே எடுத்துக் கொள்வது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஃப்ரீமாண்டில் என்ற ஊரிலிருந்து 2017 மார்ச் 18ஆம் தேதி புறப்பட்ட இந்தியன் பசிபிக் வீல் ரேஸ். கிழக்கே சிட்னி நகரத்து ஆபரா மாளிகை வரை, சுமார் 5,500 கிலோமீட்டர்.

இந்தப் பாதையின் முதல் பாதியில் நல்லார்பர் என்று ஒரு வறண்ட சமவெளி கிடக்கிறது. லத்தீன் பாஷையில் 'மரம் ஒன்றுமில்லை' என்று அர்த்தமாம். நார்ஸ்மன் என்ற ஊரிலிருந்து செடூனா என்ற ஊர்வரை சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லிக் கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. பெட்ரோலும் சாப்பாடும் படுக்கையும் விற்கிற சாலைச் சாவடிகள்தான் உண்டு. நார்ஸ்மனிலிருந்து முதல் சாவடியான பல்லடோனியாவுக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் வளைவே இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேர் கோடாக ஒரு ரோடு. நூல் பிடித்த மாதிரி என்று நாம் சொல்லுவோமே, அதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பிறகு கைகுனா, காக்கிள்பிடி, மதுரா என்று சாவடிகள் சற்று நெருங்கி வருகின்றன. (மதுரா என்றதும் மீனாட்சியை நினைத்துக் கொள்ளவேண்டாம், அங்கே கோபுரமும் இல்லை, குளமும் இல்லை.) மாகாண எல்லையைத் தாண்டியபின் நல்லார்பர் சாவடிவரை மறுபடியும் 185 கிலோமீட்டர் வெட்டவெளி.

இங்கே தயாரிப்பு என்றால் முதலில் தண்ணீர்க் கணக்கு. மார்ச்சு மாதத்தில்கூட அங்கே வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தால்தான் வண்டி ஓட்டுகிறவன் ஆளாக இருப்பான் என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்று முதுகில் தள்ளினால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 185ஐ ஆறரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஐந்து லிட்டர் போதும். அதே ரோட்டில் கிழக்குக் காற்று முகத்தில் அடித்தால் வேகம் பதினைந்துக்கு இறங்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பது லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக, எத்தனை தண்ணீர் எடுப்பது என்று தீர்மானிப்பது தூரமல்ல, காற்று. பிரஷ்ஷின் காம்பை நறுக்கி நாலு கிராம் மிச்சம் பிடித்த மனிதன் ஒரே காற்றுக்கு நாலு கிலோ தண்ணீரைக் கூடுதலாகத் தூக்குகிறான். தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் தண்ணீர் இன்னும் அதிகமாகச் செலவாகும். இந்தக் கணக்கை வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்க்காமல் புறப்படுகிறவனுக்கு எந்த இரும்புக் கால் இருந்தும் பிரயோசனமில்லை.

தண்ணீரோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்துக் கொண்டு போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கிவிடும். 2002ஆம் வருஷம் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு குறைந்திருந்தது. தாகத்தினால் மட்டுமல்ல, தண்ணீராலும் மனிதன் சாகலாம். மற்றபடி முள் குத்தினால் தானே அடைத்துக் கொள்ளும் பால் ஊற்றிய டயர், சக்கரம் சுழலச் சுழல மின்சாரம் உண்டாக்கும் டைனமோ விளக்கு, தொடை இடுக்குப் புண்ணுக்குக் களிம்பு, இவற்றையெல்லாம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

சாமான் விஷயத்தில் அந்தக் கண்டத்துக்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1860 ஆகஸ்டில் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பேருடைய தலைமையில் ஒரு கூட்டம் மெல்போர்னிலிருந்து வடக்கே கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டது. சுமார் இருபது டன் சாமான். கராச்சியிலிருந்து கப்பலில் வந்த ஒட்டகங்கள். மேஜை, நாற்காலி, வாண வெடி, சீன தேசத்துச் சேகண்டி ஒன்று வேறு. எல்லாம் இருந்தன. வடகடல்வரை போய்த் திரும்பியும் வந்தார்கள். கூப்பர் ஓடைக் கரையில் காத்திருந்த துணைக்கூட்டம் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தது; இவர்கள் அன்று மாலை வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அந்த ஓடைக் கரையிலேயே பர்க்கும் வில்ஸும் 1861 மத்தியில் செத்தார்கள். தின்ன ஒன்றுமில்லாமல் இல்லை. அந்நாட்டுப் பழங்குடிகள் தின்னும் நார்டூ என்ற செடியின் காயை இவர்களும் அரைத்துத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். நம் வயல் வரப்பில் முளைக்கிற ஆரைக்கீரைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. அதைப் பக்குவம் பண்ணும் முறை பழங்குடிகளுக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியவில்லை. பக்குவம் தப்பினால் அது உடம்பிலுள்ள ஒரு சத்தையே தின்றுவிடும் என்று பின்னால் வந்த விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அந்த யாண்ட்ருவாந்தா மக்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததைத் தின்ற கிங் என்பவர் ஒருவர்தான் உயிரோடு மீண்டார்.

இதற்கு முப்பத்தாறு வருஷத்துக்குப் பின்னால், 1896 நவம்பரில், ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் கூல்கார்டி தங்கச் சுரங்க ஊரிலிருந்து அதே நல்லார்பரின் குறுக்கே அடிலெய்டுக்குச் சைக்கிளில் போனார். கையில் ஒரு சிறு மூட்டை, ஒரு தண்ணீர்ப் பை, அவ்வளவுதான். ரோடு கிடையாது. தந்திக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போனார். முப்பத்தொரு நாளில் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்துத் தங்கவயல் சைக்கிள்காரர்களுக்கு ஒட்டகத் தடம்தான் ராஜபாட்டை. ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் மிதித்து மிதித்து மண்ணைச் சமமாக்கி வைத்திருக்கும். இருபது டன் சாமானுக்குத் தெரியாத சங்கதி ஒரு தண்ணீர்ப் பைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கிராம் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு கதைகளையும் அறிந்தவர்கள். சாமானைக் குறைக்க வேண்டும் என்ற பாடத்தை ரிச்சர்ட்சனிடமிருந்து நன்றாகவே கற்றுக் கொண்டுவிட்டார்கள். குறைத்துக் குறைத்து, குறைக்கக் கூடாத இடத்தில் கையை வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

உடம்பு எதையெல்லாம் பழகிக் கொள்ளும் என்று பார்க்கலாம். வெயிலைப் பழகிக் கொள்ளும். பத்துப் பதினான்கு நாள் சூட்டில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. குளிர்நாட்டுக்காரன்கூட இப்படித் தன்னைப் பாலைவனத்துக்குத் தயார் செய்து கொள்ள முடியும்; சில வாரம் விட்டுவிட்டால் அது போய்விடும், அவ்வளவுதான். சீட்டின் உறுத்தலைத் தோல் பழகிக் கொள்ளும். கழுத்துகூடக் கொஞ்சம் பழகும். மீறிப் போனால் கழுத்துத் தசை ஓய்ந்து தலை கவிழ்ந்துவிடும். நெடுந்தூரப் பந்தயங்களில் தலையை நிமிர்த்திக் கட்டிக் கொண்டு ஓட்டி முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

தூக்கத்தை மாத்திரம் உடம்பு பழகிக் கொள்வதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 48 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு இரவுக்கு எட்டு மணி தூக்கம், ஒரு சாராருக்கு ஆறு, ஒரு சாராருக்கு நாலு, பதினான்கு நாள். நாலு மணி தூங்கியவர்களும் ஆறு மணி தூங்கியவர்களும் நாளாக நாளாகச் சோதனையில் கீழே கீழே போனார்கள்; இரண்டு வாரத்தின் முடிவில், முழு இரவுகள் கண் விழித்தவர்களின் கதிக்கு வந்துவிட்டார்கள். இது எவரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராத விஷயம் இன்னொன்று. "உனக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று தினமும் அவர்களைக் கேட்டு எழுதி வந்தார்கள். முதல் சில நாட்களுக்குப் பிறகு அந்தப் பதில் அதிகம் ஏறவில்லை. புத்தி நாளுக்கு நாள் மழுங்கிக் கொண்டே போகிறது. 'எனக்கு இது பழகிவிட்டது' என்று மனசு சொல்லிக் கொண்டிருக்கிறது.

பதினான்கு நாள் என்பதைக் கவனியுங்கள். ஃப்ரீமாண்டிலிலிருந்து சிட்னிவரை முன்னணியில் போகிறவர்களுக்கு ஆகும் காலம் ஏறத்தாழ அதுதான்.

இன்னொரு சோதனை அந்தப் பாதையிலேயே உள்ள அடிலெய்டில் நடந்தது. டாஸன், ரீட் என்ற இருவர் 1997இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவனுடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் ஏறியவனுடைய கையும் கண்ணும் போலத் தடுமாறுகின்றன. இருபத்து நாலு மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 0.10 சதவிகிதம். ஆஸ்திரேலியாவில் கார் ஓட்டுகிறவன் ரத்தத்தில் 0.05ஐத் தொட்டுவிட்டால் போலீஸ்காரர் நிறுத்தி வழக்குப் போடுகிறார். அதே ரோட்டின் ஓரத்தில் அதைப்போல் இரண்டு பங்கு மயக்கத்தோடு சைக்கிளில் போகிறவனுக்குக் கையைத் தட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் பித்தர் இருக்கிறார். இதையெல்லாம் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"ஸார், நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாவல் எழுதுகிறவர். இது சுதந்திர மனிதனின் விளையாட்டு. எப்போது தூங்குவது என்று அவன் தானே முடிவு பண்ணுகிறானே, அதில்தான் பந்தயமே இருக்கிறது. அதற்கும் ஒரு மணியடித்து, ஹாஸ்டல் பிள்ளைகளைப் படுக்கப் போடுகிற மாதிரிப் படுக்கச் சொன்னால், அப்புறம் இதற்கும் மற்றப் பந்தயத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்பார்.

அவர் முட்டாள் அல்ல. அவர் சொல்வதில் அழகு இருக்கிறது. ஒரு மனிதன், ஒரு யந்திரம், ஒரு வெட்டவெளி. நடுவில் அதிகாரி இல்லை, ஊதல் இல்லை. அந்த அழகு எனக்கும் தெரியாமலில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். அந்த வெட்டவெளியில் நண்பன் கையால் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தால் விதி மீறல். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால் விதி மீறல். குறித்த பாதையை விட்டு விலகிக் குறுக்கே போனால் விதி மீறல். நாற்பது மணி நேரம் கண்ணை மூடாமல், லாரிகள் சீறிக் கொண்டு போகிற ரோட்டில் போனால் மட்டும் அது விதி மீறல் அல்ல, அது வீரம். காப்பிக்கு இல்லாத சுதந்திரம் தூக்கத்துக்கு மட்டும் எப்படி வந்தது?

அதோடு, இது ஒவ்வொருவனும் தானாக எடுக்கிற முடிவும் அல்ல. முன்னால் போகிறவன் இரண்டு மணி நேரம்தான் படுத்தான் என்று தெரிந்தால் பின்னால் வருகிறவன் ஐந்து மணி நேரம் எப்படிப் படுப்பான்? அவன் மூன்று, இவன் இரண்டு, மற்றவன் ஒன்று என்று ஏலம் இறங்கிக் கொண்டே போகிறது. மிகவும் துணிந்தவன் ஒருவன் எடுத்த முடிவு அத்தனை பேர் கண் இமையிலும் போய் உட்காருகிறது. கெட்டிக்காரன் ஜெயிக்கட்டும், பலசாலி ஜெயிக்கட்டும், தண்ணீர்க் கணக்கைச் சரியாகப் போட்டவன் ஜெயிக்கட்டும். தன் மூளையை அதிகமாக அடகு வைத்தவன் ஜெயிக்கும்படி ஒரு விளையாட்டை ஏன் அமைக்கவேண்டும்? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்லுவது இதைத்தான்.

நீயே முடிவு செய்துகொள் என்று யாரிடம் சொல்லுகிறோம்? பென்சில்வேனியாவில் 'எனக்குப் பழகிவிட்டது' என்று சொல்லிக் கொண்டிருந்த அந்த மனிதனிடம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியையே முதலில் மயக்கிவிட்டு, பிறகு வழக்கை அவர் முன்னால் வைக்கிறோம்.

இப்போது நாய்க்கு வருகிறேன். வடகோடியில் அலாஸ்காவில் 1973 முதல் இடிடாராட் என்று ஒரு நாய்வண்டிப் பந்தயம் நடக்கிறது. பனியில் சுமார் ஆயிரம் மைல். அந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு வண்டியும் ஒருமுறை இருபத்து நாலு மணி நேரமும், இருமுறை எட்டெட்டு மணி நேரமும் கட்டாயமாக நிற்கவேண்டும். வழியிலுள்ள சாவடிகளில் மிருக வைத்தியர்கள் நாய்களைப் பார்க்கிறார்கள். அப்படியும் அங்கே நாய்கள் செத்ததுண்டு. அதை எதிர்த்துக் கூச்சல் போடுகிறவர்களும் உண்டு. போடட்டும். நான் சொல்வது வேறு: நாய் ஓட ஆசைப்படும், அதன் ஆசையை மட்டும் நம்பி விடக்கூடாது என்பது அங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது. அரேபியப் பாலைவனத்திலும் இன்னும் பல தேசங்களிலும் நடக்கும் நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குதிரையை நிறுத்தி நாடி பார்க்கிறார்கள். நிமிஷத்துக்கு 64க்கு மேல் துடித்தால் மேலே போக விடுவதில்லை. தென் ஆஸ்திரேலியாவில் அதே ரோட்டில் போகும் லாரி டிரைவருக்குச் சாதாரண விதிப்படி இருபத்து நாலு மணியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து ஏழு மணி நேரம் ஓய்வு எடுக்கவேண்டும். நாய்க்கு விதி இருக்கிறது, குதிரைக்கு இருக்கிறது, லாரிக்காரருக்கு இருக்கிறது. சைக்கிள்காரனுக்கு மாத்திரம் சுதந்திரம்!

பதினான்கு வருஷம் தூங்காதிருந்த இலக்குவனைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். வீட்டிலிருந்த ஊர்மிளை அவனுடைய தூக்கத்தையும் சேர்த்து வாங்கிக் கொண்டு பதினான்கு வருஷம் தூங்கினாள் என்று ஒரு நாட்டுக் கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டியவனுக்குச் சாஸ்திரம் தெரிந்திருக்கிறது. தூக்கத்தை இல்லை என்று அடித்துவிட முடியாது, இன்னொருவர் தலையில்தான் எழுத முடியும் என்று கண்டிருக்கிறான். நல்லார்பர் ரோட்டில் அது யார் தலையில் எழுதப்படுகிறது? எதிரே வருகிற கார்க்காரன் தலையில். விடியற்காலையில் தன் வேலையைப் பார்க்கப் போகிற ஒருவன், ஒரு கணத்தில், ஆயுள் முழுவதும் தூங்க முடியாதவனாக ஆகலாம்.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மைக் ஹால் என்ற ஆங்கிலேயர் 2012இல் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். 2013இல் ஐரோப்பாவின் குறுக்கே டிரான்ஸ்காண்டினெண்டல் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர். இந்த விளையாட்டு இன்று இருக்கிற உருவத்துக்கு அவர் பெரிய காரணம். 2017 மார்ச் 31ஆம் தேதி, விடியுமுன், இந்தியன் பசிபிக் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க் கொண்டிருந்தபோது, கான்பெராவுக்கு அருகில் மோனரோ நெடுஞ்சாலையில் ஒரு கார் மோதி இறந்தார். ஃப்ரீமாண்டிலிலிருந்து ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் வந்திருந்தார். பந்தயம் அன்றே நிறுத்தப்பட்டது. பின்னால் நடந்த விசாரணையில் இருட்டு, விளக்கு, அவருடைய உடையின் நிறம் எல்லாம் பேசப்பட்டன. தூக்கமின்மையால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, உரிமையும் இல்லை. செத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி எனக்கு வேண்டியதைச் சொல்ல வைப்பது ஈனத்தனம். இருட்டில் அந்த மனிதர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாலும் அந்தக் கார் மோதியிருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்லலாம். ஐயாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, பதின்மூன்றாம் நாள் விடியலுக்கு முன்னால், எல்லா வண்டிகளும் வேகமாகப் போகிற ஒரு ரோட்டில் ஒரு மனிதன் இருக்கவேண்டிய அவசியத்தை உண்டாக்குவது அந்த நிற்காத கடிகாரம்தான். அதன் பிறகு என்ன நடந்தது என்றால், 2018இல் நடக்கவிருந்த அதிகாரபூர்வமான பந்தயத்தை ரத்துச் செய்தார்கள். சிலர் தாங்களாகவே அந்தப் பாதையில் போனார்கள். மற்ற தேசங்களில் இந்த மாதிரிப் பந்தயங்கள் பெருகின. பிரதிபலிக்கும் சட்டை போடு, பின் விளக்கு இரண்டு வை என்று விதிகளும் பெருகின. நல்லதுதான். காரோட்டிக்குச் சைக்கிள்காரன் தெரியவேண்டும் என்பதற்காக இத்தனை சிரத்தை எடுத்துக் கொண்டார்கள். சைக்கிள்காரனுக்குக் கார் தெரியவேண்டாமா?

'விதி போட்டால் நடைமுறைப்படுத்துவது எப்படி? ஆயிரம் மைல் வெட்டவெளியில் யார் போய்ப் பார்ப்பது?' என்று கேட்பது பழைய காலத்துக் கேள்வி. பந்தயத்தில் கலந்து கொள்கிற ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு சிறிய கருவி இருக்கிறது. விண்ணில் சுற்றும் கோளுக்கு அது ஓயாமல் சேதி சொல்லிக் கொண்டேயிருக்கிறது. தேசப்படத்தில் ஆளுக்கு ஒரு புள்ளி. எந்தப் புள்ளி எங்கே நின்றது, எத்தனை நேரம் நின்றது, எப்போது நகர்ந்தது என்று உலகத்தின் மறுகோடியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன் பார்த்துக் கொண்டிருக்கிறான். புள்ளி நகராவிட்டால் இவனுக்குத்தான் ஏமாற்றம். 'இன்னும் நகரவில்லையே!' என்று வருந்துகிறான். இரவு இரண்டு மணிக்குப் புள்ளி நகர்ந்தால் 'ஆஹா, இவனல்லவா வீரன்!' என்று சொல்லிவிட்டு, தான் போய் மெத்தையில் படுத்து எட்டு மணி நேரம் தூங்குகிறான். பந்தயம் முடிந்தபின் வருகிற கதைகளும் சினிமாக்களும் இந்த ரசிகருக்கு ஏற்றபடியே வருகின்றன. ரோட்டோரப் புதர் மனுஷனாக எழுந்து நின்று பேசியது, செத்துப் போன பாட்டி சாவடி வாசலில் நின்றது. சொல்லக் கேட்டால் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரே இல்லாத பாட்டியைப் பார்க்கிறவனுக்குக் கண்ணெதிரே உள்ள லாரி எப்படித் தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

ஆக, காவல்காரன் ஏற்கெனவே இருக்கிறான். செய்யவேண்டியது ஒன்றுதான். எந்த இருபத்து நாலு மணி நேரத்திலும் தொடர்ந்து ஆறு மணி நேரம் புள்ளி நிற்கவேண்டும். எங்கே, எப்போது என்பது வண்டி ஓட்டுகிறவன் இஷ்டம். பகல் வெயிலில் நிழலில் படுத்துவிட்டு இரவில் போவேன் என்றால் போகட்டும். ஒட்டகக்காரன் காலகாலமாக அப்படித்தானே செய்கிறான்? அந்த ஆறு மணி நேரமும் அவன் தூங்கித்தான் ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. நட்சத்திரங்களை எண்ணிக் கொண்டு கிடந்தாலும் கிடக்கட்டும். தூங்காமலிருப்பதில் கிடைக்கும் லாபத்தை எடுத்துவிட்டால் போதும். லாபமில்லாத வியாபாரத்தை யாரும் அதிக நாள் நடத்துவதில்லை.

அப்புறம் பாருங்கள், ஜாபிதா தானே மாறும். இப்போது படுக்கை என்பது குறைக்கவேண்டிய எடை. சிலர் போர்வையைக்கூட விட்டுவிட்டு, உடம்பைச் சுற்றிக் கொள்ளும் ஒரு வெள்ளித் தாளோடு போகிறார்கள், பாலைவனத்தின் இரவுக் குளிரில் பல் கிட்டிப் போய் எழுந்து மறுபடியும் பெடலை மிதிக்கிறார்கள், குளிரே அலாரம். ஆறு மணி நேரம் எப்படியும் நின்றாக வேண்டும் என்று ஆகிவிட்டால், அந்த ஆறு மணி நேரத்தை யார் நன்றாகத் தூங்குகிறானோ அவனுக்கு மறுநாள் லாபம். மெத்தென்ற ஒரு விரிப்பு நானூறு கிராம் என்றால் அது சுமையாகத் தோன்றாது. எந்தச் சாவடியில் எப்போது போய்ச் சேருவது, எங்கே சாப்பிட்டு எங்கே சாய்வது என்று தண்ணீர்க் கணக்கைப் போலவே தூக்கக் கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். என் நண்பர் கேட்ட சாமர்த்தியம், முடிவெடுக்கும் சுதந்திரம் எல்லாம் அதில் இருக்கிறது.

சைக்கிள் பித்தர் இதற்கும் அசையவில்லை. கடைசி அஸ்திரமாக அவர் எடுப்பது ரிக்கார்டு.

"இன்றுவரை நின்ற ரிக்கார்டுகளெல்லாம் என்ன ஆவது? புது விதி போட்டால் பழைய மனுஷனோடு புது மனுஷனை எப்படி ஒப்பிடுவது?"

எப்போது ஒப்பிட முடிந்தது? 1937இல் ஹ்யூபர்ட் ஆப்பர்மன் ஃப்ரீமாண்டிலிலிருந்து சிட்னிக்கு 13 நாள் 10 மணி 11 நிமிஷத்தில் போனார். அவர் பின்னால் ஆட்களோடும் சாப்பாட்டோடும் வண்டி போயிற்று. அன்று ரோடு மண், மணலில் சைக்கிளைச் சுமந்துகொண்டு நடந்த இடங்களும் உண்டு. அந்தச் சமவெளியில் ஒரு நெடுஞ்சாலை போட்டதே 1941க்குப் பிறகுதான். கடைசி மைல்வரை தார் போட்டு முடித்தது 1976இல். ரிச்சர்ட்சனுக்குத் தந்திக் கம்பம், ஆப்பர்மனுக்குத் துணை வண்டி, 2017இல் போனவர்களுக்குத் தார் ரோடும் விண்கோளும். இவர்கள் எல்லாருடைய நாட்களையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்துக் கொண்டு கண்டம் கடந்த வீரர்கள் என்று கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு, தினமும் ஆறு மணி நேரம் நின்று போனவர்கள் என்று பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு எழுத, அந்த ஏட்டில் இடமா இல்லை?